"ஹேப்பி ஃபார் யூ" என்பதோடு நிறுத்தி விடலாமா?

அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ஸய்யிதினா முஹம்மதின் வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மயீன். அம்மா பஃது.



பொதுத்தேர்வு முடிவு வந்த மறுநாள் எந்த மஹல்லா வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் ஒரே காட்சிதான். ஒரு வாப்பா தன் மகளின் மதிப்பெண் பட்டியலைப் போட்டிருப்பார். அதன் கீழே வரிசையாக "கங்கிராட்ஸ்", "கங்கிராட்ஸ்", "ஸோ ஹேப்பி ஃபார் யூ", கை தட்டும் படம், பூங்கொத்துப் படம். நிகாஹ் செய்தி வந்தாலும் அதேதான். குழந்தை பிறந்தாலும், புது வீட்டில் குடிபோனாலும், உம்ராவுக்குப் புறப்பட்டாலும் அதேதான். முதலில் வந்தவர் எழுதியதை அடுத்தவர் பார்த்து எழுதுவார். சிலர் அந்தச் சிரமமும் எடுப்பதில்லை. கைபேசியே "கங்கிராட்ஸ்" என்று எடுத்துக் கொடுக்கிறது, விரலால் தொட்டால் போதும்.

இதைக் கண்டிக்க நான் இன்றைய தலைப்பை எடுக்கவில்லை. ஒரு முஸ்லிமுக்கு நல்லது நடந்தால் இன்னொரு முஸ்லிம் மகிழ்வதும், அந்த மகிழ்ச்சியைச் சொல்வதும் நன்மையான காரியம். மற்றவருக்கு ஒரு நன்மை கிடைத்தால் முகம் சுருங்குவது யாருடைய குணம் என்பதை அல்லாஹ் சூரா ஆலு இம்ரானில் (3:120) விரோதிகளைப் பற்றியும், சூரா தவ்பாவில் (9:50) நயவஞ்சகர்களைப் பற்றியும் சொல்கிறான். அந்தக் குணம் நம்மிடம் வரக்கூடாது என்று பயப்படுகிற உள்ளம் இருக்கிறதே, அதுவே பெரிய பாக்கியம். என்றாலும் நாம் சொல்கிற அந்த ஆங்கில வார்த்தை சகோதரனுக்கு என்ன கொடுக்கிறது, நம் உள்ளத்துக்குள் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

மொழியில் குற்றமில்லை

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கி விடுகிறேன். "ஹஸ்ரத், இங்கிலீஷில் வாழ்த்துச் சொல்வது காஃபிர்களுக்கு ஒப்பாவதா?" என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. மொழிகள் பலவாக இருப்பதையே அல்லாஹ் தன் அத்தாட்சிகளில் ஒன்றாகச் சொல்கிறான் (30:22). ஆங்கிலமும் அவன் படைத்த நாவுகளில் பேசப்படும் மொழிதான்.

நபி (ஸல்) அவர்களே பிற மொழிச் சொல்லால் ஒரு குழந்தையை மகிழ்வித்திருக்கிறார்கள். உம்மு காலித் (ரலி) என்ற ஸஹாபிப் பெண்மணியின் பெற்றோர் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்தவர்கள். அவர் அங்கேயே பிறந்தவர். மதீனாவுக்கு வந்தபோது சின்னஞ்சிறுமி. நபி (ஸல்) அவர்களிடம் கோடு போட்ட கறுப்பு ஆடை ஒன்று வந்தது. "இதை யாருக்குப் போடலாம்?" என்று சபையில் கேட்டார்கள். எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். உம்மு காலிதைக் கொண்டு வரச் சொல்லி, தங்கள் கையாலேயே அந்த ஆடையை உடுத்தி விட்டார்கள். பிறகு அந்தக் கோடுகளைக் காட்டி, "ஸனா" என்றார்கள். அபிசீனிய மொழியில் "அழகாக இருக்கிறது" என்று பொருள். அரபியர்களின் தலைவர், அரபியில் எல்லாரையும் விட அழகாகப் பேசுபவர், வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த ஒரு சிறுமிக்காக அவள் வளர்ந்த ஊரின் வார்த்தையை நாவில் எடுத்தார்கள். அந்தப் பிள்ளையின் முகம் எப்படி மலர்ந்திருக்கும்!

ஆனால் நபி (ஸல்) அவர்கள் "ஸனா" என்பதோடு நிறுத்தவில்லை. அந்த ஆடை நைந்து பழையதாகும் வரை நீ உடுத்த வேண்டும் என்ற கருத்தில் துஆவும் செய்தார்கள். ஆடை பழையதாகும் வரை உடுத்துவதென்றால் அதுவரை ஹயாத்தோடு இருக்க வேண்டும், எனவே இது நீண்ட ஆயுளுக்கான துஆ என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். இந்தச் சம்பவம் புகாரியில் இருக்கிறது. பிற மொழிச் சொல்லும் இருந்தது, அதை ஒட்டி துஆவும் இருந்தது. நம்முடைய "கங்கிராட்ஸ்"க்கு இதை விட நல்ல முன்மாதிரி எங்கே கிடைக்கும்?

செய்தியா, துஆவா?

அரபுக் கல்லூரியில் பலாகத் பாடத்தில் ஒரு அடிப்படை விஷயம் சொல்லித் தருவார்கள். வாக்கியங்கள் இரண்டு வகை. ஒன்று கபர், அதாவது செய்தி. "மழை பெய்தது" என்பது செய்தி. அது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். இன்னொன்று இன்ஷா. ஒன்றைக் கேட்பது, ஏவுவது, வேண்டுவது எல்லாம் இதில் சேரும். "யா அல்லாஹ், மழை பொழியச் செய்" என்று ஒருவர் கேட்டால் "நீ சொல்வது பொய்" என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே பொய்க்கு இடமே இல்லை.

இப்போது "ஐ ஆம் ஹேப்பி ஃபார் யூ" என்பதைப் பாருங்கள். அது செய்தி. யாரைப் பற்றிய செய்தி? என்னைப் பற்றியது. நல்லது நடந்ததோ அவனுக்கு. நான் சொல்வதோ என் மனநிலையை. என் மனம் உண்மையிலேயே மகிழ்ந்திருந்தால் அது உண்மைச் செய்தி, நல்ல செய்தியும்கூட, அவன் கேட்டுச் சந்தோஷப்படுவான். உள்ளே வேறு மாதிரி இருந்தால்? அது வேறு கதை, சற்று நேரத்தில் அதற்கு வருகிறேன்.

"பாரகல்லாஹு லக" என்பது வேறு. வார்த்தை அமைப்பைப் பார்த்தால் "அல்லாஹ் உனக்கு பரக்கத் செய்தான்" என்று நடந்து முடிந்ததைச் சொல்வது போல இருக்கும். கருத்தோ துஆ. செய்பவன் அல்லாஹ், பெறுபவன் நீ. இடையில் "நான்" என்பதே இல்லை. பரக்கத் என்ற சொல்லின் வேரில் ஒட்டகம் மண்டியிட்டு ஓரிடத்தில் நிலையாக அமர்வது என்ற பொருள் இருக்கிறது. தண்ணீர் தேங்கி நிற்கும் குளத்துக்கும் அதே வேரிலிருந்துதான் பிர்கா என்று பெயர். வந்த நன்மை வந்த வழியே போய்விடாமல் தங்க வேண்டும், தங்கிப் பெருக வேண்டும் என்று கேட்கிறோம். ஒருவருக்கு வேலை கிடைத்த அன்று அவருக்குத் தேவையானது இதுதானே? வேலை கிடைத்து விட்டது. அது நிலைக்க வேண்டும், அதில் ஹலாலான ரிஸ்க் வர வேண்டும், அந்தச் சம்பளம் மருந்துக்கும் வழக்குக்கும் போகாமல் குடும்பத்துக்கு உதவ வேண்டும். "கங்கிராட்ஸ்" நேற்று நடந்ததற்குக் கை தட்டுகிறது. பரக்கத் துஆ நாளைக்கும் சேர்த்துக் கேட்கிறது.

நம் தமிழில் "வாழ்த்து" என்று ஒரு சொல் இருக்கிறதே, அது "வாழ்" என்பதிலிருந்து வந்தது. நீ வாழ வேண்டும் என்பதுதான் அதன் உள்ளே இருப்பது. அந்த வகையில் அது துஆவுக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு பலாகத் தெரியாது. ஆனால் பேரப்பிள்ளை பாஸானான் என்று சொன்னால், "அல்லாஹ் பரக்கத் செய்வான் வாப்பா, நல்லா இரு" என்று தலையைத் தடவுவார்கள். இந்தத் தலைமுறையோடு அந்த வார்த்தை போய்விடுமோ என்ற கவலை எனக்கு உண்டு.

வார்த்தை மாறினால் என்ன, எல்லாம் ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள். அறியாமைக் காலத்தில் கல்யாணம் முடித்தவரைப் பார்த்து, "இணக்கமும் ஆண்மக்களும் உண்டாகட்டும்" என்ற பொருளில் வாழ்த்துவார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அலீ (ரலி) அவர்களின் சகோதரர் அகீல் (ரலி) திருமணம் முடித்தபோது மக்கள் பழைய பழக்கத்தில் இதைச் சொன்னார்கள். அகீல் (ரலி) அவர்கள் தடுத்து, நபி (ஸல்) கற்றுத் தந்தபடி பரக்கத் துஆ செய்யச் சொன்னார்கள். நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் இது பதிவாகியிருக்கிறது. காரணத்தை உலமாக்கள் விளக்குகிறார்கள். அந்த வாழ்த்தில் அல்லாஹ்வின் பெயர் இல்லை. தவிர, ஆண்மக்கள் மட்டும் வேண்டும் என்கிறது. பெண் பிறந்தால் முகம் கறுத்துப் போன சமுதாயத்தின் வார்த்தை அது (16:58).

இன்றைக்கும் பெண் குழந்தை பிறந்த வீட்டுக்குப் போய் "கங்கிராட்ஸ்" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் "அடுத்தது பையனா இருக்கட்டும்" என்கிறவர்கள் இருக்கிறார்கள். படுக்கையில் கிடக்கும் அந்தத் தாய் காதில் விழுகிறது. அதற்குப் பெயர் வாழ்த்தா? குழந்தை பிறந்த ஒருவரிடம் "குதிரை வீரன் கிடைத்து விட்டான்" என்று வாழ்த்தியவரை ஹஸன் பஸரி (ரஹ்) அவர்கள் திருத்தியதாக ஒரு செய்தி உண்டு. அவன் குதிரை ஏறுவானா, கழுதை ஏறுவானா என்று உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்களாம். பிறகு, கிடைத்த பிள்ளையில் பரக்கத்தும், கொடுத்தவனுக்கு நன்றி செலுத்தும் பாக்கியமும் உங்களுக்குக் கிடைக்கட்டும், பிள்ளை வளர்ந்து வலுப்பெறட்டும், அதன் நல்ல நடத்தை உங்களுக்குக் கிடைக்கட்டும் என்று துஆ செய்யக் கற்றுத் தந்தார்கள்.

துஆ இல்லாத பாராட்டு

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஸஹ்ல் பின் ஹுனைஃப் (ரலி) அவர்கள் குளித்துக் கொண்டிருந்தார்கள். நல்ல நிறம், அழகான மேனி. ஆமிர் பின் ரபீஆ (ரலி) அவர்கள் பார்த்து விட்டு, இப்படி ஒரு மேனியை நான் கண்டதே இல்லை என்று வியந்தார்கள். அவ்வளவுதான். ஸஹ்ல் (ரலி) அப்படியே சுருண்டு விழுந்தார்கள். நபி (ஸல்) அவர்களுக்குச் செய்தி போனது. அவர்கள் ஆமிரைக் கோபித்தார்கள். உங்களில் ஒருவர் தன் சகோதரரை ஏன் கொல்கிறார், நீர் பரக்கத் கேட்டு துஆ செய்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். பிறகு ஆமிர் கழுவிய தண்ணீரை ஸஹ்ல் மீது ஊற்றச் செய்தார்கள். அவர் எழுந்து நடந்தார். முவத்தாவில் வரும் செய்தி இது.

ஆமிர் (ரலி) யார்? பத்ரு ஸஹாபி. ஸஹ்ல் (ரலி) அவர்களும் பத்ரு ஸஹாபிதான். அங்கே வெறுப்பு இல்லை, குரோதம் இல்லை. மனதார வியந்தார், வாயாரப் பாராட்டினார். குறைந்தது ஒன்றே ஒன்று, பரக்கத் துஆ. நம் ஊரில் கண்ணூறு என்றாலே யாரோ கெட்ட எண்ணம் பிடித்தவர் பார்த்து விட்டார் என்று பக்கத்து வீட்டு அம்மாவைச் சந்தேகப்படுகிறோம். எலுமிச்சை, மிளகாய், கறுப்புக் கயிறு என்று தீனில் இல்லாததெல்லாம் வருகிறது. நல்லவருடைய பாராட்டிலிருந்தும் கண்ணூறு வரலாம், அதற்கு மருந்து பாராட்டுபவரின் நாவிலேயே இருக்கிறது என்பதல்லவா நபி (ஸல்) காட்டித் தந்த வழி?

சிலர் "மாஷா அல்லாஹ்" சொல்கிறார்கள். நல்லது, சொல்லுங்கள். சூரா கஹ்ஃபில் (18:39) வரும் அந்த வார்த்தை, தோட்டக்காரன் தன்னுடைய தோட்டத்துக்குள் நுழையும்போது சொல்லியிருக்க வேண்டியது. சொந்தப் பொருளைப் பார்த்துப் பெருமை வராமலிருக்க அது கவசம். அடுத்தவருடையதைப் பார்த்து வியக்கும்போது ஹதீஸில் வந்திருப்பது பரக்கத் துஆ. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

"ஹஸ்ரத், நான் முனாஃபிக்கா?"

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு வாலிபர் காத்திருந்தார். அவரும் அவருடைய பெரியப்பா மகனும் ஒரே கம்பெனிக்கு, ஒரே நாளில் இன்டர்வியூ போயிருக்கிறார்கள். பெரியப்பா மகனுக்கு வேலை கிடைத்து விட்டது. இவருக்கு இல்லை. குடும்பக் குழுவில் செய்தி வந்தபோது முதல் ஆளாக இவர்தான் "ஸோ ஹேப்பி ஃபார் யூ பிரதர்" என்று எழுதியிருக்கிறார். அன்று இரவு தூக்கம் வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ எரிகிறது. வாயில் ஒன்று, நெஞ்சில் ஒன்று. "ஹஸ்ரத், நான் முனாஃபிக்கா?" என்று கேட்கும்போது அவர் கண் கலங்கி விட்டது.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையதாக இருக்க முடியாது. பத்து வருடமாகக் குழந்தைக்காக ஏங்கும் சகோதரி, தங்கைக்குக் குழந்தை பிறந்ததும் மருத்துவமனைக்குப் போய்ச் சிரித்த முகத்தோடு நிற்கிறாரே, அவருடைய கேள்வியும் இதுதான். வரன் அமையாமல் இருக்கும் பெண், தோழியின் நிகாஹில் பரிமாறிக் கொண்டிருக்கிறாரே, அவருடைய கேள்வியும் இதுதான்.

உள்ளத்தில் தானாக எழுகிற எண்ணத்தை, சொல்லாகவோ செயலாகவோ வெளிவராத வரை இந்த உம்மத்துக்கு அல்லாஹ் மன்னித்து விட்டான் என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் ஹதீஸ் இருக்கிறது. உள்ளே எரிகிறது, ஆனால் அந்த எரிச்சல் உங்களுக்கே பிடிக்கவில்லை, அதை நினைத்துத் தூக்கம் போகிறது என்றால், அது ஈமான் உயிரோடு இருப்பதன் அடையாளம். பொறாமைக்காரன் தூக்கம் கெடுவது அடுத்தவனுக்குக் கிடைத்ததற்காக. இந்தத் தம்பிக்குத் தூக்கம் கெட்டது தன் உள்ளம் இப்படி ஆகிவிட்டதே என்பதற்காக. இரண்டும் ஒன்றாகுமா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பொறாமைக்கு மருந்து எழுதும்போது, பொறாமை எதைச் செய்யச் சொல்கிறதோ அதற்கு நேர் எதிரானதைச் செய்யும்படி நஃப்ஸை வற்புறுத்தச் சொல்கிறார்கள். குறை பேசச் சொன்னால் புகழ வேண்டும். பெருமையடிக்கச் சொன்னால் பணிய வேண்டும். மனம் வராமல் செய்கிறோமே, இது நடிப்பாகாதா என்று கேட்டால், ஆகாது. கசப்பு மருந்தை முகம் சுளித்துக் கொண்டு குடிப்பவனை யாரும் நடிகன் என்று சொல்வதில்லை.

அப்படியானால் அந்தத் தம்பி எதை எழுதியிருக்கலாம்? இங்கேதான் முன்பு சொன்ன கபரும் இன்ஷாவும் உதவுகிறது. உள்ளம் எரியும் நேரத்தில் "நான் ரொம்ப ஹேப்பி" என்ற செய்தி நெருடுகிறது, ஏனென்றால் அது உண்மையா என்று உள்ளமே கேள்வி கேட்கிறது. "அல்லாஹ் உனக்கு பரக்கத் செய்வானாக" என்று சொன்னால் உள்ளம் அப்படிக் கேட்க முடியாது. உங்கள் மனநிலையைப் பற்றி நீங்கள் எதுவுமே சொல்லவில்லை. அவனுக்காக ரப்பிடம் ஒன்றைக் கேட்டீர்கள். கேட்டது கேட்டதுதான். அதோடு, ஒருவருக்காக மனமறிந்து துஆ கேட்டுக் கொண்டே அவர் மீது எரிச்சலை நீண்ட நாள் வைத்திருப்பது கஷ்டம். முயன்று பாருங்கள்.

அடுத்ததாக, உங்களுக்கும் கேளுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஸகரிய்யா (அலை) அவர்கள் தள்ளாத வயதை அடைந்து விட்டார்கள். பிள்ளை இல்லை. மர்யம் (அலை) அவர்களின் மிஹ்ராபுக்குள் போகும்போதெல்லாம் அங்கே உணவு இருந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அல்லாஹ்விடமிருந்து என்று அந்தப் பெண் பதில் சொன்னார். குர்ஆன் அடுத்து என்ன சொல்கிறது பாருங்கள். அந்த இடத்திலேயே ஸகரிய்யா தன் ரப்பிடம் துஆ செய்தார் (3:37, 38). அவர்கள் கண்டது இன்னொருவருக்குக் கிடைத்த அருளை. அங்கே அவர்கள் உள்ளம் "இவளுக்கு மட்டும் ஏன்" என்று போகவில்லை. இவளுக்குக் கொடுத்தவன் எனக்கும் கொடுப்பான் என்று போனது. யஹ்யா (அலை) பிறந்தார்கள். சகோதரியே, தங்கையின் குழந்தையைக் கையில் ஏந்தும் அந்த நேரத்தை ஸகரிய்யா (அலை) அவர்களின் நேரமாக ஆக்கிக் கொள்ளுங்கள். குழந்தைக்கு பரக்கத் கேளுங்கள், அங்கேயே உங்களுக்கும் கேளுங்கள்.

ஹுதைபிய்யாவிலிருந்து திரும்பும்போது சூரா ஃபத்ஹின் தொடக்க வசனங்கள் இறங்கின. நபி (ஸல்) அவர்களுக்குக் கிடைத்த நற்செய்தி அது. ஸஹாபாக்கள் மனதார வாழ்த்தினார்கள். உடனே, "எங்களுக்கு என்ன இருக்கிறது, அல்லாஹ்வின் தூதரே?" என்றும் கேட்டார்கள். அவர்களுக்கும் சொர்க்கத்தைக் கொண்டு வசனம் இறங்கியது (48:5). அல்லாஹ்விடம் இல்லாமை இல்லை. அடுத்தவருக்குப் போனதால் உங்கள் பங்கு குறைவதும் இல்லை. அவருக்குக் கிடைத்ததை ஆசைப்படாதீர்கள், என் அருளிலிருந்து கேளுங்கள் என்கிறான் (4:32). அவரிடமிருந்து போக வேண்டும் என்று நினைப்பது ஹஸத். அவருக்கும் இருக்கட்டும், எனக்கும் வேண்டும் என்பது கிப்தா. இது குற்றமில்லை.

கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து சகோதரனுக்காக துஆ செய்பவனுக்குப் பக்கத்தில் ஒரு மலக்கு நின்று "ஆமீன், உனக்கும் அது போல" என்று சொல்வதாக முஸ்லிமில் வரும் ஹதீஸ் உங்களுக்குத் தெரியும். அந்தத் தம்பியிடம் அதைத்தான் சொன்னேன். குழுவில் எழுதியது அவனுக்குத் தெரிந்தது. இன்று இரவு அவனுக்குத் தெரியாமல் அவன் பெயர் சொல்லி, அந்த வேலையில் பரக்கத் கேள். உன் வேலைக்காக மலக்கு ஆமீன் சொல்லட்டும்.

இன்னும் இரண்டு வார்த்தைகள்

"யூ டிசர்வ் இட்" என்றும் எழுதுகிறார்கள். உழைத்தவனின் உழைப்பைப் பாராட்டுவது தவறில்லை. ஆனால் "இது உன் தகுதிக்கு வந்தது" என்பதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால் மனிதன் எங்கே போவான்? "என்னிடமுள்ள அறிவால் எனக்குக் கிடைத்தது" என்று சொன்ன காரூனிடம் போய் நிற்பான் (28:78). ஸுலைமான் (அலை) அவர்கள் பெரிய சிம்மாசனம் கண்முன் வந்து நின்றபோது, இது என் ரப்பின் அருள் என்றார்கள் (27:40). நீங்கள் வாழ்த்துகிறவர் இந்த இருவரில் யார் பக்கம் சாய வேண்டும் என்று பார்த்து வார்த்தையைத் தேர்ந்தெடுங்கள்.

பிள்ளைகள் இப்போது "ஜெலஸ்ஸா இருக்குடா" என்று சிரித்துக் கொண்டே வாழ்த்துகிறார்கள். விளையாட்டுக்குத்தான், தெரியும். குர்ஆன் ஓதுபவனையும் நல்வழியில் செலவழிப்பவனையும் பார்த்து ஹஸத் கொள்ளலாம் என்ற ஹதீஸிலும் அந்தச் சொல் கிப்தா என்ற பொருளில்தான் வருகிறது. இருந்தாலும், சூரா ஃபலக்கில் எதிலிருந்து தினமும் பாதுகாப்புத் தேடுகிறோமோ அதன் பெயராலேயே நண்பனை வாழ்த்த வேண்டுமா?

எழுந்து வந்தவர்

வார்த்தையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, வார்த்தைக்கு அப்பால் உள்ள ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

ஹிஜ்ரி 9, தபூக் போர். கஅப் பின் மாலிக் (ரலி) அவர்கள் காரணமில்லாமல் பின்தங்கி விட்டார்கள். முராரா, ஹிலால் என்ற இன்னும் இரண்டு ஸஹாபாக்களும் அப்படியே. பொய்க் காரணம் சொல்லாமல் உண்மையை ஒப்புக்கொண்டார்கள். மூவரோடும் யாரும் பேசக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஐம்பது இரவுகள். ஸலாம் சொன்னால் பதில் இல்லை. பூமி இவ்வளவு விசாலமாக இருந்தும் நெருக்கி விட்டது.

ஐம்பதாம் நாள் காலை, கஅப் (ரலி) ஃபஜ்ர் தொழுதுவிட்டு வீட்டுக் கூரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஸல்உ மலை மீதிருந்து ஒரு குரல்: கஅபே, நற்செய்தி! உடனே ஸஜ்தாவில் விழுந்தார்கள். தவ்பா ஏற்கப்பட்டு விட்டது. செய்தி சொல்ல ஒருவர் குதிரையைத் தட்டி விட்டார். இன்னொருவர் மலை மேல் ஓடி ஏறிக் கத்தினார். குதிரையை விடக் குரல் முந்தியது என்று கஅப் சொல்கிறார்கள். யாருக்கோ கிடைத்த மன்னிப்பு, அதைச் சொல்ல இவர்களுக்குள் போட்டி! குரல் கொடுத்தவர் நேரில் வந்தபோது கஅப் தன் இரண்டு ஆடைகளையும் கழற்றிப் பரிசாகக் கொடுத்தார்கள். அன்று அவர்களிடம் வேறு ஆடை இல்லை. இரவல் வாங்கி உடுத்திக் கொண்டு பள்ளிக்குப் புறப்பட்டார்கள். வழியெல்லாம் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து, அல்லாஹ் உம் தவ்பாவை ஏற்றது உமக்கு மகிழ்ச்சியாகட்டும் என்று வாழ்த்தினார்கள்.

பள்ளிக்குள் நுழைந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அமர்ந்திருக்கிறார்கள், சுற்றிலும் மக்கள். தல்ஹா பின் உபைதில்லாஹ் (ரலி) எழுந்தார்கள், ஓடி வந்தார்கள், கையைப் பிடித்து முஸாஃபஹா செய்து வாழ்த்தினார்கள். முஹாஜிர்களில் வேறு யாரும் எழவில்லை. உட்கார்ந்திருந்தவர்களுக்கு மகிழ்ச்சி இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தது. கஅப் (ரலி) அவர்கள் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் தல்ஹா எழுந்து வந்ததை நான் மறக்கவே மாட்டேன் என்றார்கள். இந்தச் செய்தியை நமக்கு அறிவிப்பவர் அவர்களின் மகன் அப்துல்லாஹ். கஅபுக்கு வயதாகிப் பார்வை போன பிறகு கையைப் பிடித்து நடத்திச் சென்றவர் இந்த மகன்தான். எத்தனையோ பேர் வாழ்த்தினார்கள். பெயரோடு நெஞ்சில் நின்றது ஓடி வந்த அந்த ஒருவர்.

நபி (ஸல்) அவர்களின் முகம் மகிழ்ச்சியால் நிலவின் துண்டு போல ஒளிர்ந்தது. உன் தாய் உன்னைப் பெற்றெடுத்த நாளிலிருந்து உனக்கு வந்த நாட்களிலேயே சிறந்த நாள் இது என்றார்கள். இது உங்களிடமிருந்தா, அல்லாஹ்விடமிருந்தா என்று கஅப் கேட்டார்கள். அல்லாஹ்விடமிருந்து என்றார்கள் நபியவர்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் நீண்ட ஹதீஸ் இது. நேரம் இருக்கும்போது வீட்டில் உட்கார்ந்து முழுவதும் வாசியுங்கள். வாழ்த்துச் சொல்வது, எழுந்து போவது, முஸாஃபஹா செய்வது, நற்செய்தி கொண்டு வந்தவருக்குப் பரிசளிப்பது என்று பல சட்டங்களை இமாம் நவவி (ரஹ்) போன்றவர்கள் இதிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

இன்று நாம் ஒரே தெருவில் இருந்து கொண்டு கைபேசியில் பூங்கொத்து அனுப்புகிறோம். வெளிநாட்டில் இருப்பவருக்கு அதுதான் வழி, சரி. நான்கு வீடு தள்ளி இருப்பவருக்கு? அவர் இன்று மக்ரிபுக்கு இதே பள்ளிக்கு வருவார். நான்கு அடி எடுத்து வைத்துக் கையைப் பிடியுங்கள். "கங்கிராட்ஸ் பாய்" என்றே ஆரம்பித்தாலும் பரவாயில்லை. கையை விடுவதற்கு முன்னால் "அல்லாஹ் பரக்கத் செய்வானாக" என்று சொல்லி விடுங்கள்.

யா அல்லாஹ்! இந்த வாரம் எங்கள் மஹல்லாவில் தேர்வில் வென்ற பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வாயாக. நிகாஹ் முடித்தவர்களை நன்மையில் ஒன்று சேர்த்து வைப்பாயாக. பிறந்த குழந்தைகளை ஸாலிஹான பிள்ளைகளாக வளர்ப்பாயாக. புதிய வேலையில் சேர்ந்தவர்களுக்கு ஹலாலான ரிஸ்கை விசாலமாக்குவாயாக. யாருடைய செய்தி இன்னும் வரவில்லையோ, யார் அடுத்தவருக்காகச் சிரித்துவிட்டுத் தனியே உன்னிடம் அழுகிறார்களோ, ஸகரிய்யா (அலை) அவர்களுக்குப் பதிலளித்தது போல அவர்களுக்கும் பதிலளிப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.